கோயில் மணியும் ஊர் நேரமும்: ஒரு பங்கை மீண்டும் ஊரோடு சேர்ப்பதற்கான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மட்டக்களப்பு நகரில் ஏதாவது ஒரு கிறிஸ்தவக் கோயிலின் வாசலில் நின்று பார்த்தால், ஒரே வீதியில் இரண்டு கூட்டங்கள் செல்வதைக் காணலாம். ஒரு கூட்டம், பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள், செபப் புத்தகத்தோடு படலையைத் தாண்டி உள்ளே வருகின்றது. மற்றக் கூட்டம், முதுகில் புத்தகப் பையோடு, சைக்கிளிலும் தகப்பனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னாலும் அதே படலையைக் கடந்து ரியூசன் வகுப்புக்குப் போகின்றது. அந்தப் பிள்ளைகளில் பலர் அந்தக் கோயிலிலேயே திருமுழுக்குப் பெற்றவர்கள். மணியோசை அவர்களுக்குக் கேட்கின்றது. அவர்களில் யாரும் வெறுப்போடு போகவில்லை. அவர்களுடைய நாளில் அந்த மணிக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்த வழிகாட்டி, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பங்கு எனப்படும் கத்தோலிக்க ஊர்ச்சமூகங்களின் மேய்ப்புப்பணிச் சபைகளிலும் மெதடிஸ்த சேகரச் செயற்குழுக்களிலும் ஏனைய திருச்சபைகளின் நிருவாகங்களிலும் பொறுப்பேற்றிருக்கும், குருக்கள் அல்லாத பொதுநிலையினருக்காக எழுதப்படுகின்றது. நான் தந்தை வழியில் கத்தோலிக்கன். தாய் வழியில் மெதடிஸ்தக் குடும்பத்தைச் சேர்ந்தவன். மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் உள்ள ஒரு பங்கின் சபையில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்திருக்கிறேன். இருக்கைகள் வெறுமையாவதைப் பற்றி நாம் எத்தனையோ கூட்டங்களில் கவலைப்பட்டிருக்கிறோம், தீர்மானங்களும் எழுதியிருக்கிறோம். பெரும்பாலான தீர்மானங்கள், மக்களை எப்படிக் கோயிலுக்குள் கொண்டுவருவது என்ற கேள்வியிலிருந்தே பிறந்தன. கேள்வியை அங்கே தொடங்கியதுதான் தவறு என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஊர் மக்களின் பொழுது எங்கே கழிகின்றது, அவர்களை எது அழுத்துகின்றது என்பதை அறிந்து, அந்த இடத்துக்குக் கோயில் போக வேண்டும். மற்றவை அதற்குப் பின்புதான்.

மக்களிடம் நம்பிக்கை வற்றிவிட்டது என்று சொல்பவர்கள் செப்டெம்பர் மாதத்தில் ஆயித்தியமலைக்குப் போகும் பாதையைப் பார்க்க வேண்டும். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் வெயிலில் நடந்தே திருத்தலத்துக்குச் செல்லும் கூட்டத்தில், ஞாயிறு திருப்பலிக்கு ஆண்டு முழுவதும் வராத இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். இந்துக் குடும்பங்களும் நேர்த்தியோடு வருவார்கள். அம்பாறை மாவட்டத்தின் சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயத் திருவிழாவிலும் இதே காட்சியைக் காணலாம். ஆகவே அறுந்திருப்பது வேறொரு கயிறு.

எங்கே அறுந்தது

வேலைக்கு இறங்குவதற்கு முன்னர், சபை உறுப்பினர்கள் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, தங்கள் ஊரில் கோயில் ஒரு காலத்தில் என்னென்ன காரியங்களுக்கு வேண்டப்பட்டது என்பதை எழுதிப் பார்க்க வேண்டும். வயதானவர்கள் இருவரையாவது அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள்.

எங்கள் மாவட்டத்தின் வரலாறே இதற்கு உதவும். 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், மறு ஆண்டே இறந்துபோனார். ஒரு வருடம்கூட முழுதாகக் கிடைக்காத அந்த மனிதர் விட்டுச்சென்றது பாடசாலை. இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அதன் தொடர்ச்சியாகும். 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியையும் அதன் பின்னர் இயேசு சபைக் குருக்கள் தொழிற்கல்விக்கும் கூடைப்பந்துக்கும் செய்த பணியையும் நகரத்தில் எல்லா மதத்தவர்களும் அறிவார்கள். அப்போது கோயிலுக்கு வராத வீட்டுப் பிள்ளையும் கோயிலின் நிழலிலேயே வளர்ந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் பொறுப்புக்குச் சென்றன. அந்த மாற்றத்தின் நன்மை தீமையை இங்கே விவாதிக்க வேண்டியதில்லை; ஊரோடு கோயிலைக் கட்டியிருந்த முதற்கயிறு அன்று தளர்ந்தது என்பதே நமக்குத் தேவையான செய்தி.

போர்க்காலத்தில் வேறொரு கயிறு இறுகிற்று. மக்கள் கோயில் மண்டபங்களில் தஞ்சமடைந்தார்கள். காணாமற்போன பிள்ளையைத் தேடித் தாய்மார் முதலில் சென்றது குருமனைக்குத்தான். அந்தப் பணிக்குக் குருக்கள் கொடுத்த விலை பெரிது. 1988 ஜூன் மாதத்தில் சந்திரா பெர்ணாண்டோ அடிகளார் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிய யூஜின் ஹேபர்ட் அடிகளாரும் அவரோடு வந்த இளம் சாரதியும் காணாமற்போனார்கள், இன்றுவரை திரும்பவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடி, டச்சுபார் ஆகிய கரையோர ஊர்களைச் சுனாமி விழுங்கியபோதும் கோயில்கள் உடனே திறந்தன. பின்னர் நிவாரணம் முடிந்தது, நிறுவனங்கள் புறப்பட்டன, போரும் முடிந்தது. கோயிலிடம் எஞ்சியது வழிபாடும் திருவிழாவும் மாத்திரமே. ஊருக்கோ புதிய துன்பங்கள் வந்துவிட்டன: நுண்கடன், வெளிநாட்டு வேலை, போதைப்பொருள், பரீட்சை நெருக்கடி. அவை வந்த வேகத்தில் நாம் அவற்றை நோக்கித் திரும்பவில்லை.

உங்கள் ஊரின் பட்டியல் வேறாக இருக்கலாம். எழுதி முடித்த பின்னர் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இன்று அந்தத் தேவையை ஊரில் யார் நிறைவேற்றுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக நடப்பதை அவர்களிடமே விட்டுவிடலாம். எதிரே ஒருவருடைய பெயரும் இல்லாத வரிகள்தான் உங்கள் வேலை.

வீடுகளுக்குச் செல்லுதல்

இதுவே முழு வழிகாட்டியிலும் முக்கியமான பகுதியாகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பங்கின் குடும்பப் பதிவேட்டை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை செல்வதே முதல் ஆண்டின் முதல் வேலை. 200 குடும்பங்கள் உள்ள பங்கில் பத்துச் சோடிகளைத் தெரிந்தெடுத்தால் ஒரு சோடிக்கு 20 வீடுகள் வரும். வாரத்தில் இரண்டு மாலைகள், மாலைக்கு மூன்று வீடுகள் என்று வைத்துக்கொண்டால் நான்கு வாரங்களில் முடிந்துவிடும். தவக்காலத்தின் முதல் வாரத்தில் தொடங்கினால் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்னரே முழுப் பங்கும் கண்முன் நிற்கும். ஒவ்வொரு சோடியிலும் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கணவன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு இரண்டு ஆண்கள் செல்வது முறையாகாது. நெருங்கிய உறவினரின் வீட்டுக்கு உறவினரை அனுப்ப வேண்டாம். குருவானவரும் முதற்சுற்றில் போகாமல் இருப்பது நல்லது. பாதர் வந்தால் கதிரை துடைக்கப்படும், சோடா வரும், உண்மை வராது.

கையில் எதை எடுத்துச் செல்லக் கூடாது என்பது இன்னும் முக்கியம். சந்தாப் புத்தகத்தையும் திருவிழா நன்கொடைப் பற்றுச்சீட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். மெதடிஸ்த வரலாற்றில் இதற்கு ஒரு பாடம் உண்டு. 1742 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கட்டடக் கடனைத் தீர்ப்பதற்காக உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் வாரம் ஒரு பென்னி சேர்க்க முடிவெடுத்து, ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். காசு சேர்க்க வீடுவீடாகப் போனவர்கள் அங்கே நோயையும் குடியையும் சண்டையையும் கண்டார்கள். அதிலிருந்தே, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் வகுப்புக் கூட்டம் என்ற மேய்ப்புமுறை உருவாயிற்று. காசுக்காகத் தொடங்கியது மேய்ப்பாக மாறிய வரலாறு அது. நம்மிடத்தில் நடந்தது அதற்கு நேர்மாறு: மேய்ப்புக்காகத் தொடங்கிய வீட்டுச் சந்திப்பு, சிறிது சிறிதாகக் காசு சேர்க்கும் நடையாகக் குறைந்துவிட்டது. சபை உறுப்பினர் படலையில் நிற்பதைக் கண்டதும் தாய் உள்ளே போய், “அம்மா இல்லை என்று சொல்லு” எனப் பிள்ளையை அனுப்பும் வீடுகளை நான் அறிவேன். முதலாவது சந்திப்பில் காசுப் பேச்சை எடுக்காமல் திரும்பி வந்தால், அடுத்த தடவை கதவு தானாகத் திறக்கும்.

“ஏன் பூசைக்கு வருவதில்லை?” என்ற கேள்வியையும் கேட்க வேண்டாம். அது விசாரணையாகக் கேட்கும். பதிலாகப் பொய்யே கிடைக்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் எங்கே வேலை செய்கிறார்கள், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறார்கள், பிள்ளைகளுக்கு எந்தெந்த நாளில் வகுப்பு, வருத்தக்காரர் யாராவது இருக்கிறார்களா, இந்த நாட்களில் மனத்துக்குப் பெரிய பாரமாக இருப்பது எது என்று கேளுங்கள். பின்னர் பேசாமல் இருந்து கேளுங்கள். தேநீர் தந்தால் குடியுங்கள். ஏழை வீடு என்று மறுத்துவிட்டு வருவது அவர்களைச் சிறுமைப்படுத்தும்.

திரும்பி வந்த அன்றே ஒரு கொப்பியில் எழுதிவிட வேண்டும். வீட்டில் உள்ளவர்கள், அவர்களுடைய நேரம், அவர்களுடைய பாரம் என மூன்று பகுதிகள் போதும். கடன், குடும்பச் சண்டை, பதிவு செய்யப்படாத திருமணம் போன்றவை பொதுக் கொப்பியில் இடம்பெறக் கூடாது. அவற்றைக் குருவானவரிடம் அல்லது அந்தப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்ட ஒருவரிடம் வாய்மொழியாக மாத்திரம் சொல்லுங்கள். ஒரு வீட்டின் இரகசியம் கூட்டத்தில் ஒருமுறை கசிந்துவிட்டால், பத்து ஆண்டுகளுக்கு எந்த வீடும் உங்களிடம் வாய் திறக்காது.

எங்கள் பங்கில் இப்படிச் சென்றபோது, நாம் எதிர்பார்த்த காரணங்களில் பாதியும் கிடைக்கவில்லை. முச்சக்கரவண்டி ஓட்டுபவர்களுக்கு ஞாயிறு காலைதான் ஓட்டம் அதிகம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிறு ஒன்றே துணி துவைக்கும் நாள். சில வீடுகளில் சந்தா நிலுவை கூடியதால் வெட்கப்பட்டு ஒதுங்கியிருந்தார்கள். திருச்சபை முறைப்படி திருமணம் செய்யாதவர்கள், நற்கருணைக்கு எழும்பாமல் இருக்கையில் இருப்பதை மற்றவர்கள் கவனிப்பார்கள் என்பதற்காகவே வருவதை நிறுத்தியிருந்தார்கள். புதிய செபவீடுகளுக்குப் போகத் தொடங்கியிருந்த குடும்பங்களும் இருந்தன. அவர்களில் ஒரு தாய் சொன்னது என் மனத்தில் இன்னும் இருக்கின்றது: மகன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்தப் போதகர் அன்றிரவே வந்தார், நம்முடைய கோயிலில் இருந்து யாரும் வரவில்லை. அந்தச் சபைகளைக் குறைகூறுவதில் ஒரு மணித்தியாலம் செலவிடுவதைவிட, ஆஸ்பத்திரிக்கு அன்றிரவே போகக்கூடிய நான்கு பேரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கோயில் வாசலில் ஒட்டிவைப்பது மேல்.

நம்முடைய மாவட்டங்களுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. இங்கே திருமணத்தின் பின் ஆண்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவது வழக்கம். தாண்டவன்வெளியில் வளர்ந்து, பீடச் சிறுவனாக இருந்து, பாடகர் குழுவில் பாடியவன், திருமணமாகிக் கல்முனைப் பக்கம் போனதும் பழைய பங்கின் பதிவேட்டில் பெயர் மாத்திரமாக எஞ்சுகிறான். புதிய பங்குக்கு அவன் இன்னாருடைய மருமகன், அவ்வளவே. அவனுக்கு என்ன திறமை உண்டு என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவனும் தானாக முன்வர மாட்டான். திருமணம் முடிந்த கையோடு பழைய பங்கின் செயலாளர், “இந்தப் பிள்ளை எங்கள் பங்கில் இன்ன பணி செய்தவர், உங்களிடம் ஒப்படைக்கிறோம்” என்று புதிய பங்குக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். இதற்கு ஐந்து நிமிடமும் ஒரு முத்திரையும் தேவை. நாம் இழந்த ஆண்களில் எத்தனை பேரை இந்த ஒரு கடிதம் காப்பாற்றியிருக்கும் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கின்றது.

நேரத்தைப் பொருத்துதல்

கொப்பிகளில் உள்ள நேரங்களை ஒரு பெரிய தாளில் வாரத்தின் ஏழு நாட்களாக வரைந்து பார்த்தால், உங்கள் வழிபாட்டு நேரம் யாருக்குப் பொருந்துகின்றது என்பது உடனே தெரியும். பெரும்பாலும் ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் குருவானவரின் மற்றக் கோயில் அலுவல்களுக்கும் பொருந்தும்.

கத்தோலிக்கப் பங்குகளில் சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு திருப்பலிக் கடமையை நிறைவேற்றும் என்பதைத் திருச்சபைச் சட்டம் தெளிவாக ஏற்கின்றது. ஆகவே மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் மாலை ஆறரைக்கு ஒரு திருப்பலி கேட்பதில் தவறேதும் இல்லை. படுவான்கரைப் பக்கத்துப் பங்குகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்போக அறுவடை பெரும்பாலும் தவக்காலத்தோடு மோதும். வயலில் வெட்டு நடக்கும் வாரத்தில் மாலை ஐந்து மணிக்குச் சிலுவைப்பாதை வைத்துவிட்டு, ஆண்கள் வரவில்லை என்று பிரசங்கத்தில் குறைகூறுவது நியாயமில்லை. அந்த வாரங்களில் சிலுவைப்பாதையை இரவு எட்டுக்கு மாற்றலாம். வயல் வாடியிலேயே ஒரு மாலை நடத்தினால் இன்னும் நல்லது. மீன்பிடிக் குடும்பங்களுக்கு வாவித் தொழில், கடல் தொழில் ஆகியவற்றின் நேரங்கள் வேறுவேறு. அவர்களிடமே கேட்டு முடிவெடுங்கள்.

ரியூசன் விடயத்தில் தனியாகப் போராடிப் பயனில்லை. பெற்றோரைத் திட்டுவதாலும் பயனில்லை; சாதாரண தரப் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் பிள்ளையின் முழு வாழ்வையும் தீர்மானிக்கும் நாட்டில், வகுப்பைத் தவறவிடு என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. ஆனால் இந்து அறநெறிப் பாடசாலைகளுக்கும் இதே ஞாயிறு காலையில் இதே இடர்ப்பாடு இருக்கின்றது. ஆகவே அயலிலுள்ள இந்துக் கோயிலின் பரிபாலன சபையினரையும் கூட்டிக்கொண்டு வகுப்பு நடத்தும் ஆசிரியர்களிடம் நேரில் செல்லுங்கள். தடை கேட்க வேண்டாம். தரம் 9 வரையிலான வகுப்புகளை ஞாயிறு காலை பத்து மணிக்குப் பின்னர் தொடங்குமாறு கேளுங்கள். அந்த ஆசிரியர்களில் பலர் நம்முடைய பிள்ளைகளே. மூன்று பேரிடம் கேட்டால் ஒருவர் சம்மதிப்பார்; அந்த ஒருவரிலிருந்து தொடங்கலாம்.

வாசலைத் திறத்தல்

2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்ப்பு ஞாயிறு காலையில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில் ஞாயிறு பாடசாலைச் சிறுவர்கள் பலர் உட்பட ஏறத்தாழ 30 உயிர்கள் போயின. அந்தக் காலையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அதன் பின்னர் படலைகள் மூடப்பட்டன, பைகள் சோதிக்கப்பட்டன, வாசலில் காவல் நின்றது. அன்று அது அவசியமாயிருந்தது. சில நாட்களில் இன்றும் அவசியம். ஆனால் பாதுகாப்புக்காக மூடிய படலை, பின்னர் வழக்கமாகவே மூடிக் கிடக்கத் தொடங்கியதை நான் பல இடங்களில் பார்க்கிறேன். வழிபாடு முடிந்து கால் மணித்தியாலத்தில் பூட்டு விழுகின்றது. முன்னர் பின்னேரத்தில் மாமர நிழலில் இருந்து கதைத்த கிழவர்களும், வளவில் பந்தடித்த பிள்ளைகளும் இப்போது உள்ளே வருவதில்லை.

பாதுகாப்பையும் திறந்த வாசலையும் சேர்த்துக் கொண்டுசெல்ல வழி உண்டு. ஊர் முகங்களை அறிந்த இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், திறந்திருக்கும் நேரமெல்லாம் வாசலில் முறைவைத்து இருக்க வேண்டும். அவர்களுடைய முதல் வேலை வருபவரைப் பெயர் சொல்லி வரவேற்பது; அறியாத முகம் வந்தால் எழுந்து சென்று, யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று அன்போடு விசாரிப்பது. அறிந்த கண்களைப் போன்ற காவல் வேறில்லை. பெருவிழா நாட்களில் எப்படிச் செய்வது என்பதைப் பொலிசாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னர் மண்டபம். பெரும்பாலான கோயில்களில் ஒரு மண்டபம் உண்டு. திருமண வாடகைக்கு மாத்திரம் திறக்கப்படும். வார நாட்களில் மாலை ஐந்து முதல் இரவு எட்டரை வரை அதில் மேசைகளையும் நல்ல மின்விளக்குகளையும் மின்விசிறிகளையும் போட்டு, படிப்பதற்குத் திறந்துவிடுங்கள். வீட்டில் ஒரே அறையும் ஒரே விளக்கும் ஓயாத தொலைக்காட்சியும் இருக்கும் பிள்ளைகளுக்கு அமைதியான மேசை ஒன்று பெரிய உதவி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தால் போதும். பாடம் நடத்த வேண்டியதில்லை. எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம் என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

இங்கே ஒரு விதியை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். படிக்க வரும் பிள்ளையிடமோ உதவி பெறும் குடும்பத்திடமோ செபத்தை நிபந்தனையாக வைக்கக் கூடாது. துண்டுப்பிரசுரம் கொடுக்கக் கூடாது. திருச்சபைக்கு வருமாறு அழைக்கவும் கூடாது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் எல்லாச் சபைகளையும் சேர்ந்த கிறிஸ்தவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அம்பாறையில் அதைவிட மிகக் குறைவு. மதமாற்றம் என்ற குற்றச்சாட்டு இங்கே எளிதில் எழும், சில வேளைகளில் காரணத்தோடும் எழும். அன்பை வலையாக்கினால் அயலவரின் நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும். படிப்பு மண்டபம் திறப்பதற்கு முன்னரே அயலிலுள்ள இந்துக் கோயில் தலைவரிடமும் பள்ளிவாசல் நிருவாகத்திடமும் போய் விடயத்தைச் சொல்லி, அவர்களையும் ஒரு நாள் வந்து பார்க்குமாறு அழையுங்கள்.

மழைக்காலத்துக்கும் மண்டபத்தை ஆயத்தப்படுத்த வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கின்றது. வெள்ளமோ அடிக்கடி வருகின்றது. ஒக்டோபர் முடிவதற்குள், நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், தனித்து வாழும் முதியவர்கள் உள்ள வீடுகளின் பட்டியலைக் கொப்பிகளிலிருந்து எடுத்து, கிராம உத்தியோகத்தரோடும் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடும் இருந்து சரிபார்த்து, எந்த வீட்டுக்கு யார் போவது என்பதை முடிவுசெய்து வையுங்கள்.

மரண வீடும் கடன் வீடும்

மரண வீட்டில் ஊர் முழுவதும் கோயிலைக் கவனிக்கின்றது. வருடத்தில் ஒரு தடவையும் கோயிலுக்கு வராதவர்கள் அன்று அங்கே நிற்பார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், சந்தா நிலுவை கட்டி முடிக்கும்வரை அடக்கத்துக்கான ஒழுங்குகளை ஒரு நிருவாகம் அரை நாள் தாமதப்படுத்திற்று. அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையும் அதன் பின்னர் அந்தப் படலையை மிதிக்கவில்லை. நிலுவைத் தொகை இரண்டு சேலைகளின் விலைகூட வராது. இப்படி ஒரு கொடுமை உங்கள் பங்கில் நடக்காதிருக்க, மரணத்தின்போது நிலுவையைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று சபை எழுத்தில் தீர்மானிக்க வேண்டும்.

செய்தி கிடைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் இருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். கதிரை, பந்தல், தேநீர், மரண அறிவித்தல், பதிவாளர் அலுவல் எல்லாவற்றையும் மரண உதவிச் சங்கத்தோடு சேர்ந்து கவனிக்க வேண்டும். அடக்கம் முடிந்த பின்னர் வரும் நாட்களே கடினமானவை. எட்டாம் நாளுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் இடையில் உறவினர்கள் கலைந்து, வீடு வெறிச்சோடும். அந்த இடைவெளியில் வாரம் ஒரு மாலை யாராவது போய் இருந்துவிட்டு வந்தால் அந்த வீட்டார் அதை ஆயுள் முழுவதும் நினைத்திருப்பார்கள்.

கடன் வீடு மரண வீட்டைவிட அமைதியாக அழும். நுண்கடன் நிறுவனங்களின் வாராந்தத் தவணைக்காகப் பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்து, தவணை நாளில் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதை நம் மாவட்டங்களில் எல்லோரும் அறிவோம். கோயில் பணத்திலிருந்து கடன் கொடுக்கத் தொடங்காதீர்கள். கோயில் கடன்காரனாகிவிட்டால் அந்த வீடு கோயிலையும் கண்டு ஒளியும். அதற்குப் பதிலாக, கணக்கு அறிந்த ஒருவர், வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் கிடைத்தால் மிக நல்லது, மாதம் இருமுறை மண்டபத்தில் இருந்து, கடன் பத்திரங்களை வாசித்து, வட்டி எவ்வளவு, மிகுதி எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்ல ஏற்பாடு செய்யலாம். பிணக்கு இருந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகும் வழியையும், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்திக்கும் வழியையும் சொல்லி, தேவையானால் கூடவே போக வேண்டும். சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கம் ஊரில் இயங்கினால் புதிதாக ஒன்றைத் தொடங்காமல் அதில் சேருமாறு ஊக்குவியுங்கள். மனமுடைந்த நிலையில் யாரையாவது கண்டால் தனியே விட்டுவிடாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அன்றே அழைத்துச் செல்லுங்கள். உளவளத்துணை இந்த மாவட்டத்தின் திருச்சபைக்குப் புதியதன்று. போரில் காயப்பட்ட சிறுவர்களுக்காக 1996 இல் மட்டக்களப்பில் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரின் துணையோடு உருவானது.

இளையோரிடம் ஒப்படைத்தல்

இளைஞர்களுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் வேலை, கதிரை அடுக்குவதும் திருவிழாக் கொடி கட்டுவதும். முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு இடமில்லை. சபையின் மூன்றிலொரு பங்கு இடங்களை 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒதுக்கி, அதில் பாதியைப் பெண்களுக்குக் கொடுங்கள். கணக்கையும் அவர்களிடம் ஒப்படைக்கலாம். மாத வரவு செலவு ஒரு பக்கத் தாளில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டால், காசைப் பற்றிய ஊர்ப்பேச்சில் பாதி அடங்கிவிடும். வட்ஸ்அப் குழுவையும் அவர்களே நடத்தட்டும். மரணச் செய்தி, இரத்தம் தேவை, வகுப்பு மாற்றம், வெள்ள எச்சரிக்கை ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் அதில் வரக் கூடாது என்று ஆரம்பத்திலேயே கட்டுப்பாடு வைத்தால் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். முகநூல் நேரலை, படுக்கையில் இருப்பவர்களுக்கும் மத்திய கிழக்கில் வேலை செய்யும் தாய்மாருக்கும் அவசியம், நிறுத்த வேண்டாம்.

திருவிழாவை மாற்றத் துணியும்போது பெரியவர்கள் வருந்துவார்கள். ஆகவே குறைக்காமல் சேருங்கள். கொடியேற்றத்திலிருந்து வரும் நவநாட்களில் ஒரு நாளை வெளிநாட்டில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும், ஒரு நாளை வயல், வாவித் தொழிலாளருக்கும், ஒரு நாளைக் கணவனை இழந்த பெண்களுக்கும் கொடுத்து, அவர்களே வாசகம் வாசிக்கவும் மன்றாட்டுக்களைத் தங்கள் சொற்களில் எழுதவும் விடுங்கள். மின்னலங்காரத்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைப் படிப்பு மண்டபத்தின் மின்கட்டணத்துக்கு மாற்றும் யோசனையை, அந்த மண்டபத்தில் படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளையே கூட்டத்தில் முன்வைத்தால் எதிர்ப்பு பெரிதாக இராது.

ஒரு வருடம் கழிந்த பின்னர், ஞாயிறு வருகையை எண்ணி வெற்றி தோல்வியைக் கணிக்க வேண்டாம். இருக்கைகள் அப்போதும் பாதி வெறுமையாகவே இருக்கலாம். எங்கள் பங்கிலும் முதல் ஆண்டில் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் கூடவில்லை. எண்ண வேண்டியவை வேறு: கடந்த மாதத்தில் எத்தனை வீடுகள் தாமாகவே உதவி கேட்டு ஆள் அனுப்பின, ஆஸ்பத்திரிக்கு எத்தனை இரவுகள் போனோம், மண்டபத்தில் எத்தனை பிள்ளைகள் இருந்து படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நம் பங்கைச் சேராதவர்கள். அடுத்த தவக்காலத்தின் முதல் வாரத்தில் அதே கொப்பிகளை எடுத்து, சோடிகளை மாற்றாமல், மீண்டும் புறப்படுங்கள். சென்ற வருடம் கதவு திறக்காத வீடுகளுக்கு முதலாம் மாலையிலேயே போங்கள்.